லைட் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, திரை மட்டும் கருப்பு: லேப்டாப்பைக் கடையில் கொடுப்பதற்கு முன்

கேட்டவர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். கேள்வி சுருக்கமாக இது: ஐந்து வருட லேப்டாப், விண்டோஸ் 10. இரண்டு வாரமாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறது. நடுவில் சில தடவை நீலத் திரை வந்து தானாக ரீஸ்டார்ட் ஆனது. போன வாரம் இடிமழையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து பட்டனை அழுத்தினால் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரையில் எதுவும் இல்லை. ஒரு கடையில் மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் இணையும் முக்கியப் பலகை) போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். இன்னொரு கடையில் ஃபார்மட் போட்டால், அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்றினால், சரியாகிவிடும் என்கிறார்கள். மகளின் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டும் உரக்கடைக் கணக்கும் அதற்குள்தான் இருக்கின்றன. வீட்டுக்குப் பக்கத்தில் ரைஸ் மில் இருப்பதையும் எழுதியிருக்கிறார். யார் சொல்வதை நம்புவது?

ஐயா, இரண்டாவது கடை சொன்னதை விட்டுவிடுங்கள். கம்பெனி லோகோகூட வராத மெஷினில் ஃபார்மட் போடுவதற்கு வழியே கிடையாது. லோகோ வந்து, அதற்குப் பிறகுதான் விண்டோஸின் வேலை தொடங்குகிறது. உங்கள் மெஷின் அதற்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. முதல் கடை சொன்னது உண்மையாக இருக்கலாம், ஆனால் அதைச் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டிய நாலைந்து விஷயங்களைப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. நான் கும்பகோணத்தில் லேப்டாப் சர்வீஸ்தான் செய்கிறேன். 'போர்டு போய்விட்டது' என்று வந்த மெஷின்களில் ரேம் என்ற தற்காலிக நினைவகப் பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்து போட்டவுடன் எழுந்தவை நிறைய.

அதற்கும் முன்னால் ஒன்று. லேப்டாப் வேறு, அதில் உள்ள ப்ராஜெக்ட் வேறு. போர்டு எரிந்தே போயிருந்தாலும், ஃபைல்களைச் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி தனியாகக் கழன்று வரும் மாடலாக இருந்தால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். அதை வெளியே எடுத்து, யூஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டு, வேறொரு கம்ப்யூட்டரில் செருகினால் பென் டிரைவைப் போலத் திறக்கும். சில மாடல்களில், முக்கியமாக விலை குறைந்தவற்றில், சேமிப்புச் சிப்பை போர்டிலேயே சால்டர் பண்ணியிருப்பார்கள். அப்படி இருந்தால் போர்டை உயிர்ப்பித்தால்தான் டேட்டா வரும், அப்போது போர்டை மாற்றக் கொடுப்பது பெரிய தவறாகிவிடும். மாடல் எண்ணை வைத்து இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கடையில் கொடுக்கும்போது 'டேட்டா வேண்டும், என்னைக் கேட்காமல் ஃபார்மட் போடக்கூடாது' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது கடைப் பையன் மாறினால் காற்றோடு போய்விடும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல விண்டோஸ் லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்தவுடன் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பிட்லாக்கர் என்பது அதுதான். டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் சரி, போர்டை மாற்றினாலும் சரி, 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். பூட்டின் ரகசியம் பழைய போர்டில் இருக்கும் பாதுகாப்புப் பகுதியோடு கட்டப்பட்டிருப்பதால் புது போர்டு அதற்கு அந்நியம். அந்த எண் மகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். ஃபோனிலிருந்தே நுழைந்து, டிவைசஸ் பகுதியில் ரெக்கவரி கீ என்று தேடினால் கிடைக்கும். இன்றைக்கே எடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது.

சரி, இப்போது மெஷினுக்கு வருவோம். பட்டனை அழுத்தியதும் நடப்பது ஒரு வரிசை. முதலில் போர்டில் உள்ள சின்ன கன்ட்ரோலர் சிப் விழித்து, ஒவ்வொரு வோல்டேஜாகத் திறந்துவிடும். பிறகு ப்ராசசர் எழுந்து, மெஷினைத் தொடக்கிவைக்கும் நிரலான பயாஸைப் படிக்கும். பயாஸ் ரேமைத் தேடிச் சோதிக்கும். ரேம் சரியாக இருந்தால்தான் திரைக்குப் படம் போகும், லோகோ வரும். அதற்கப்புறம் டிஸ்க்கைத் தேடி விண்டோஸை அழைக்கும். எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே எதைச் சந்தேகப்பட வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும். லோகோ வந்து சுற்றிக்கொண்டே இருந்தால் டிஸ்க் அல்லது விண்டோஸ். லைட்டே எரியவில்லை என்றால் சார்ஜர், ஜாக், பேட்டரி, போர்டின் பவர் பகுதி. லைட், ஃபேன் இரண்டும் இருந்து லோகோ இல்லை என்றால் ரேம், பயாஸ், திரை, அதற்குப் பிறகுதான் ப்ராசசர் பகுதி. நீங்கள் இந்த மூன்றாவது வகை.

வீட்டிலேயே செய்யக்கூடியதிலிருந்து ஆரம்பியுங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரி வெளியே கழன்று வரும் மாடல் என்றால் அதையும் எடுங்கள். பவர் பட்டனை அரை நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்து பாருங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடலிலும் சார்ஜரைக் கழற்றிவிட்டு இதே போல் அழுத்தலாம். இடி, மின்தடைக்குப் பிறகு அந்தக் கன்ட்ரோலர் சிப் குழம்பி நிற்பது உண்டு. மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்ததும் தெளிந்துவிடும்.

சார்ஜரில் ஒன்றைக் கவனியுங்கள். சுவரில் மட்டும் மாட்டும்போது அடாப்டரின் சின்ன லைட் எரியும். பின்னை லேப்டாப்பில் செருகிய அந்த நொடியே லைட் அணைந்து, பின்னை உருவியதும் மறுபடி எரிந்தால் போர்டில் ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம். அடாப்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைகிறது. அப்படியானால் திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காதீர்கள். உங்கள் மெஷினில் ஃபேன் ஓடுவதால் இது இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதாவது போர்டுக்குள் மெயின் சப்ளை நுழைகிறது. இது நல்ல சேதி.

அடுத்து திரை. அறையை இருட்டாக்கி, ஆன் செய்து, ஃபோன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாக லோகோவோ எழுத்தோ தெரிந்தால் கம்ப்யூட்டர் முழுசாக ஓடிக்கொண்டிருக்கிறது, பின்விளக்கு மட்டும்தான் போயிருக்கிறது. எச்டிஎம்ஐ வயரால் டிவியில் மாட்டியும் பாருங்கள். டிவியில் படம் வந்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவிட்டு, முதல் வேலையாக ப்ராஜெக்ட்டையும் கணக்கையும் பென் டிரைவுக்கு எடுங்கள். கேப்ஸ் லாக் கீயைத் தட்டினால் அதன் விளக்கு மாறி மாறி எரிகிறதா என்பதும் ஒரு சோதனை. எரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது.

கேப்ஸ் லாக் விளக்கோ சார்ஜ் விளக்கோ தானாகக் கண் சிமிட்டினால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். படம் காட்ட முடியாதபோது என்ன கோளாறு என்பதை லேப்டாப் அந்தச் சிமிட்டலில்தான் சொல்லும். எச்பியில் பெரும்பாலும் கேப்ஸ் லாக் அல்லது பவர் விளக்கு, டெல்லில் பேட்டரி விளக்கு மஞ்சளும் வெள்ளையுமாக மாறி மாறி. எத்தனை நீளம், எத்தனை குட்டை என்று எண்ணி, அந்தக் கம்பெனியின் பக்கத்தில் உங்கள் மாடலைப் போட்டுப் பார்த்தால் ரேமா, பயாஸா, ப்ராசசரா என்று எழுதியிருக்கும். கடையில் யாராவது இதை எண்ணிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். எண்ணாமலே போர்டு என்று சொல்லியிருந்தால் அந்தத் தீர்ப்புக்கு நான் பெரிய மதிப்பு தர மாட்டேன்.

எனக்கு அதிகச் சந்தேகம் ரேம் மேல்தான். காரணம், உங்களுக்கு முன்பே நீலத் திரை வந்திருக்கிறது. நம் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் துணியே காயாது. நாகை, வேதாரண்யம் பக்கம் போகப் போக உப்பும் சேரும். ரேமின் தங்க நிறப் பற்களில் மெல்லிய கறை படிந்து தொடர்பு விட்டுப்போகிறது. பின்மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரியின் இணைப்பை உருவிவிட வேண்டும், இதை மறக்கவே கூடாது. ரேமின் இரண்டு பக்கக் கிளிப்பையும் விலக்கினால் அது தானாகச் சாய்ந்து எழும். பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, முன்போலச் சாய்வாகச் செருகிக் கிளிப் விழும்வரை அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். ரேமை மாற்றிய பிறகு முதல் தடவை ஆன் செய்யும்போது சில மெஷின்கள் ஓரிரு நிமிடம் கருப்பாகவே இருந்து பிறகுதான் எழும். அவசரப்பட்டு அணைக்க வேண்டாம்.

மூடியைத் திறக்கும்போது பேட்டரியையும் பாருங்கள். உப்பியிருந்தால், அல்லது டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு கிளிக் ஆகாமல் இருந்தால், அந்த பேட்டரியோடு மெஷினை இனி சார்ஜ் போடாதீர்கள். குத்துவது, நெம்புவது, அழுத்துவது எதுவும் வேண்டாம். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது மிகக் கஷ்டம். கழற்றுவதைப் பழக்கமுள்ளவரிடம் விடுங்கள். திறப்பதற்கே தயக்கமாக இருந்தால் இந்த இரண்டு வேலையையும் கடையில் உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள், அதில் தவறே இல்லை.

ரேம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் பயாஸ். விண்டோஸ் அப்டேட் வழியாகவே பயாஸ் அப்டேட்டும் இறங்குவது உண்டு. அது எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போய், பேட்டரியும் தாங்காவிட்டால், பாதி எழுதிய பயாஸோடு மெஷின் ஊமையாகிவிடும். உங்கள் கதையோடு இது பொருந்துகிறது, இடிமழை அன்று சரியாக அப்படி நடந்திருக்க வாய்ப்பு உண்டு. எச்பி மாடல்கள் பலவற்றில் விண்டோஸ் கீயையும் பி கீயையும் சேர்த்துப் பிடித்தபடி பவர் பட்டனை இரண்டு மூன்று நொடி அழுத்தினால், ஒளித்து வைத்திருக்கும் பிரதியிலிருந்து பயாஸ் தன்னைச் சரிசெய்துகொள்ளும். டெல்லில் கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் பிடித்தபடி சார்ஜரைச் செருக வேண்டும். இதற்கும் மசியாவிட்டால் பயாஸ் சிப்பைக் கழற்றி, புரோகிராமர் என்ற கருவியில் வைத்து மறுபடி எழுத வேண்டும். போர்டில் தனித்தனி சிப்பைப் பழுதுபார்க்கும் 'சிப் லெவல்' வேலை செய்கிறவர்கள் தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சியில் இருக்கிறார்கள். போர்டை மாற்றுவதற்கு முன் அவர்களிடம் ஒரு தடவை காட்டுவதுதான் நியாயம். எந்த லைனில் வோல்டேஜ் வரவில்லை, எந்த ஐசி, எந்த கெப்பாசிட்டர் ஷார்ட் என்று சொல்லத் தெரிந்தவரிடம் கொடுங்கள். 'போர்டு டெட்' என்ற இரண்டே சொல்லோடு நிறுத்துகிறவரிடம் வேண்டாம்.

இப்போது இரண்டு வாரமாகப் பட்டென்று அணைந்துகொண்டிருந்ததற்கு வருகிறேன், ஏனென்றால் மெஷின் எழுந்தாலும் அந்தக் கோளாறு அங்கேயேதான் இருக்கும். நீலத் திரை எதுவும் இல்லாமல், எச்சரிக்கை இல்லாமல், சுவிட்சை அணைத்தது போல் நின்றால் பெரும்பாலும் சூடு. ப்ராசசர் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பட்டென்று அணையும். ரைஸ் மில் பக்கத்து வீடு என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்கு இதுதான் தோன்றியது. தவிட்டுத் தூசும் உமித் தூசும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போகும். தை, மாசியில் அறுப்பு மெஷின் ஓடும் நாட்களில் வயலோரத்து வீடுகளுக்கும் இதே கதை. ஃபேனைக் கழற்றிப் பார்த்தால், ஃபேனுக்கும் காற்று வெளியேறும் தகடுகளுக்கும் நடுவில் பழைய கம்பளித் துண்டு போல ஒரு படலம் அடைத்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது, உள்ளேதான் தள்ளப்படும். ஃபேனைக் கழற்றி அந்தப் படலத்தை முழுசாக உரித்து எடுத்து, ப்ராசசர் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை (சூட்டைக் கடத்தும் பசை) துடைத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். மில் பக்கத்து வீடுகளுக்கு வருஷத்துக்கு ஒரு முறை இது அவசியம். மெத்தை மேல், தலையணை மேல் வைத்து வேலை செய்வதையும் விட்டுவிடச் சொல்லுங்கள், காற்று உள்ளே போகும் வழி அடியில்தான் இருக்கிறது.

நீலத் திரை வந்து ரீஸ்டார்ட் ஆனது வேறு கோளாறாகவும் இருக்கலாம். ரேம், டிஸ்க், டிரைவர், அப்டேட் எதுவும் காரணமாகலாம். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க விமான நிலையங்களிலும் வங்கிகளிலும் நீலத் திரை வந்தது நினைவிருக்கும். மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள். ஹார்ட்வேரில் ஒரு குறையும் இல்லை, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் ஒன்றுதான் காரணம். அதனால் நீலத் திரையைப் பார்த்ததும் போர்டு என்று முடிவு கட்டக்கூடாது. அதில் ஸ்டாப் கோடு என்று ஒரு வரி இருக்கும். ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷின் எழுந்து, லோகோவுக்குப் பிறகு விண்டோஸ் தடுமாறினால் அதற்கு வழி இருக்கிறது. லோகோ சுற்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸே பழுது பார்க்கும் பக்கத்தைத் திறக்கும். அங்கே ஸ்டார்ட்அப் ரிப்பேர், கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குவது, சேஃப் மோடில் நுழைவது எல்லாம் உண்டு. டேட்டாவை அழிக்காத வழிகள் இவை. ரீசெட் என்பதை மட்டும் தொடாதீர்கள். உள்ளே நுழைந்த பிறகு, விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று பல வரிகள் இருக்கும். அதைக் காட்டிப் பவர் சப்ளை போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முறையாக ஷட்டவுன் ஆகாமல் அணைந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது, ஏன் என்று சொல்வதில்லை.

பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் மிச்சம் இருப்பதைக் கெடுக்கும். சத்தம் இல்லாவிட்டால், விண்டோஸுக்கு மாற்றான உபுண்டு லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்து, விண்டோஸைத் தொடாமலே ஃபைல்களைப் பிரதி எடுக்கலாம்.

கரண்ட் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். வோல்டேஜ் குறைவதால் லேப்டாப் கெடும் என்று நம் பக்கம் பலர் பயப்படுகிறார்கள். அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருக்கும், பம்ப்செட் ஓடும் நேரத்தில் பல்பு மங்கினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆபத்து ஏற்றத்தில்தான். மழைக்காற்றில் கம்பத்தில் நியூட்ரல் விட்டுப்போனால் 230 வர வேண்டிய வீட்டில் 400 வோல்ட் வரைக்கும்கூட ஏறும். பல்பு திடீரென்று அளவுக்கு மீறிப் பிரகாசித்தால் மெயினை அணைத்துவிட்டு லைன்மேனுக்குச் சொல்லுங்கள். இடி இடித்தால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே உருவ வேண்டும். இன்டர்நெட் செம்புக் கம்பி வழியாக வந்தால் அதையும். போன கரண்ட் திரும்பினால் சில நிமிடம் பொறுத்து மாட்டுங்கள். மெட்டல் பாகத்தைத் தொட்டால் கை லேசாகச் சுர்ரென்றால் வீட்டில் எர்த் சரியில்லாமல் இருக்கலாம். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றிப் போடுவது நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்டது, அது வேண்டாம்.

மழையில் நனைந்த லேப்டாப்பை அரிசிப் பானையில் புதைக்கும் பழக்கமும் உண்டு. அரிசி உள்ளே இருக்கும் தண்ணீரை இழுக்காது. அரிசி மாவும் குருணையும் ஃபேனுக்குள்ளும் போர்ட்டுகளுக்குள்ளும் போய் வேலையைக் கூட்டும். பேட்டரியைக் கழற்றி, ஆன் செய்யாமல், கூடிய சீக்கிரம் போர்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் கழுவக் கொடுப்பதுதான் வழி.

எழுந்துவிட்டால் இன்னொரு வேலையும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன. கடைக் கணக்கு வைத்திருக்கும் மெஷின் என்பதால் விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா என்று பார்க்கவேண்டும். ஆனால் முதலில் டேட்டா பத்திரமாக வெளியே வரட்டும், அப்புறம் அதைப் பேசலாம்.

இப்போதைக்கு நான்கு விஷயம் எழுதுங்கள்: லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண், விளக்குச் சிமிட்டல் இருந்தால் அதன் எண்ணிக்கை, டிவியில் மாட்டியபோது என்ன வந்தது, ஃபேன் தொடர்ந்து ஓடுகிறதா அல்லது சில நொடி ஓடி நின்று மறுபடி தொடங்குகிறதா. நின்று நின்று ஓடினால் ரேமோ பயாஸோதான் என்று இன்னும் உறுதியாகச் சந்தேகிக்கலாம். அதை வைத்து அடுத்து எதைக் கழற்றுவது என்று சொல்கிறேன்.